பல்லில் எழுதிய தண்ணீர்

தர்மபுரி மாவட்டத்துக்காரர் ஒருவர் வெளியூரில் வாய்விட்டுச் சிரித்தால், விவரம் தெரிந்தவர்களுக்கு அவர் எந்தப் பக்கம் என்று புரிந்துவிடும். முன்பற்களில் சுண்ணாம்பு பூசினது போல வெள்ளைத் திட்டுகள் இருக்கும். அதன்மேல் மஞ்சளில் தொடங்கிக் காப்பி நிறம் வரைக்கும் குறுக்குக் கோடுகள். சிலருக்குப் பல்லின் ஓரம் அரித்துப்போன மாதிரி குழிகள்கூட உண்டு. எந்தப் பேஸ்ட் போட்டுத் தேய்த்தாலும் போகாது. எங்கள் பக்கத்தில் இதற்கு ரொம்ப நாளாகத் தனிப் பெயரே கிடையாது. ‘பல்லு கறையா இருக்கு’ன்னு சொல்வாங்க, அவ்வளவுதான். தெருவுக்குத் தெரு இருக்கிற ஒன்றுக்கு யார் பெயர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்?

ஊரைத் தாண்டினால்தான் அது அசிங்கமாக மாறும். கோயம்புத்தூர் காலேஜ் ஹாஸ்டலில், பெங்களூரு கம்பெனியின் இன்டர்வியூ அறையில், பெண் பார்க்க வந்தவர்களின் பார்வையில். ‘பான்பராக் போடுவியா?’, ‘பல்லே வெளக்க மாட்டியா?’ என்று யாராவது கேட்பார்கள். பதில் சொல்லத் தெரியாது. உதட்டை மூடிக்கொண்டே செல்ஃபிக்குச் சிரிக்கப் பழகியவர்கள் எங்கள் ஊர்களில் நிறைய. அவர்களில் பலருக்கு இது ஒரு நோயின் தடம், தன் பழக்கத்தின் குற்றமல்ல என்பதை யாரும் சொன்னதில்லை.

நோயின் பெயர் புளோரோசிஸ். நிலத்தடி நீரில் அளவுக்கு மேல் கரைந்திருக்கும் புளோரைடைப் பல வருஷம் குடிப்பதால் வருவது. சாகடிக்காது, தொற்றாது, ஒரே நாளில் ஆளைச் சாய்க்காது. பேப்பரில் தலைப்புச் செய்தியாவதற்கு ஒரு நோய்க்கு என்னவெல்லாம் தேவையோ அதில் எதுவுமே இதனிடம் இல்லை. அதனாலேயே இதன் வரலாறு பெரும்பாலும் இதைப் பார்க்காமல் இருந்ததன் வரலாறாக இருக்கிறது.

கம்பைநல்லூரை எடுத்துக்கொள்வோம். மொரப்பூர் ரயில் நிலையத்துக்கு வடக்கே இருக்கிற பேரூராட்சி. தேசிநாதேஸ்வரர் கோயில் உள்ள பழைய ஊர். ஊர்ப் பெயரிலேயே ஓர் ஆறும் உண்டு. கம்பைநல்லூர் ஆறு போய்ச் சேருவது தென்பெண்ணையில். இதைக் கேட்கிற வெளியூர்க்காரருக்கு ஏதோ வளமான ஆற்றங்கரை என்று தோன்றும். மழைக்காலம் போனால் மணல்தான். குடிக்கவும் பயிருக்கும் இந்தப் பக்கம் நம்பியிருந்தது கிணற்றையும், பிறகு போரையும்.

அந்தக் கிணற்றுக்கும் போருக்கும் கீழே இருப்பது கடினப் பாறை. கிரானைட், நைஸ், சார்னோகைட் என்று புவியியல்காரர்கள் பெயர் சொல்லும் மிகப் பழைய பாறைகள். அவற்றில் பயோடைட், ஹார்ன்பிளெண்டு, அபடைட் போன்ற கனிமங்கள் உண்டு, அவற்றுக்குள் புளோரின் உண்டு. மழை நிறையப் பெய்யும் ஊரில் தண்ணீர் இறங்கும், ஓடும், மாறும். இங்கே பாறை வெடிப்புக்குள் இறங்கிய தண்ணீர் வருஷக்கணக்கில் அங்கேயே தங்கி ஊறுகிறது. தண்ணீரில் கால்சியம் போதுமான அளவு இருந்தால் அது புளோரைடைப் பிடித்துப் படியவைத்துவிடும். கால்சியம் குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் கூடிய தண்ணீரில் புளோரைடு கரைந்தபடியே நிற்கும்.

இதில் ஒரு கொடுமை உண்டு. நம் மக்கள் தண்ணீரை நாக்கால் பிரிக்கத் தெரிந்தவர்கள். நல்ல தண்ணி, உப்புத் தண்ணி, சவுர்த் தண்ணி, பருப்பு வேகாத தண்ணி என்று வகை சொல்வார்கள். புளோரைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை, நமக்குத் தெரிகிற அளவில் ருசியும் இல்லை. தெளிந்து, குளிர்ந்து, குடிக்க இனிப்பாக இருக்கும் தண்ணீரிலும் அது இருக்கலாம். காய்ச்சிக் குடிங்க என்று எல்லா நோய்க்கும் சொல்லும் அறிவுரையும் இங்கே எதிராகப் போய்விடும். காய்ச்சக் காய்ச்ச நீர் ஆவியாகுமே தவிர புளோரைடு போகாது. இந்தியத் தர நிர்ணயம் குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் புளோரைடு என்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையும் 1.5தான்.

பல்லில் நடப்பது இது. குழந்தைக்கு நிரந்தரப் பற்கள் ஈறுக்கு வெளியே வருவதற்குப் பல வருஷம் முன்பே தாடைக்குள் உருவாகத் தொடங்கிவிடும். கடைவாய் ஞானப்பல்லை விட்டுவிட்டால், சுமார் 8 வயதுக்குள் எல்லாப் பற்களின் எனாமலும் முடிந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் உடம்பில் புளோரைடு அதிகமாக இருந்தால் எனாமல் இறுகாமல், கண்ணுக்குத் தெரியாத துளைகளோடு நின்றுவிடுகிறது. முளைத்து வெளியே வந்த பிறகு அந்தத் துளைகளில் நிறம் ஏறுகிறது. ஆகவே 30 வயதுக்காரரின் பல்லில் நாம் பார்க்கும் கோடு, அவர் மூன்று வயதில், ஐந்து வயதில் குடித்த தண்ணீரின் பதிவு. பெரியவரான பிறகு இந்த ஊருக்குக் குடிவந்த வாத்தியாருக்கோ, மருமகளுக்கோ பல் கெடாது. எழுதும் காலம் தாண்டிவிட்டது. அதனால் மாமியாருக்கும் நாத்தனாருக்கும் கறை, வெளியூர் மருமகளுக்கு வெள்ளைப் பல் என்று ஒரே வீட்டில் இரண்டு வகை இருக்கும். பார்க்கிறவர்கள் அதைப் பரம்பரை என்று முடிவுகட்டிவிடுவார்கள். தர்மபுரி மாவட்டம் நடுகற்களுக்குப் பேர் போனது. கல்லில் எழுதினதைப் படிக்க எவ்வளவோ பேர் வந்தார்கள், பல்லில் எழுதினதைப் படிக்கத்தான் ஆளில்லை.

முதலில் படித்தவர் அமெரிக்காவில் ஒரு பல் டாக்டர். 1901இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்குப் புதிதாகத் தொழில் செய்யப் போன ஃபிரெடரிக் மெக்கே, அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பல்லில் மட்டும் காப்பி நிறக் கறையைப் பார்த்தார். காரணம் தேடுவதிலேயே முப்பது வருஷம் போனது. 1920களில் ஐடஹோ மாநிலத்தில் ஓக்லி என்ற சின்ன ஊரிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. சில மைல் தள்ளியிருந்த வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் போட்ட பிறகுதான் பிள்ளைகளின் பல் இப்படி ஆகிறது என்று பெற்றோர்களே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். தண்ணீரில் என்ன இருக்கிறது என்று மெக்கேவுக்கும் தெரியாது. ஆனாலும் குழாயை விட்டுவிட்டு வேறு ஊற்றுக்கு மாறச் சொன்னார். மாறினார்கள். சில வருஷத்தில் அடுத்து முளைத்த பற்கள் சுத்தமாக இருந்தன. 1931இல்தான் அலுமினியக் கம்பெனி ஒன்றின் வேதியியலாளர் எச்.வி. சர்ச்சில், அர்கன்சாஸில் பாக்சைட் என்ற ஊரின் தண்ணீரில் குற்றவாளியைப் பிடித்தார்: புளோரைடு.

நம் பக்கத்துக் கதை அதற்கு ஆறே வருஷம் பிந்தியது என்பது பலருக்கும் தெரியாது. அன்றைய சென்னை மாகாணத்தில் நெல்லூர் மாவட்ட விவசாயிகள் முதலில் கவனித்தது மாடுகளை. உழவு மாடுகள் மூட்டு இறுகி நடக்க முடியாமல் போயின. அப்புறம் மனுசங்களுக்கும் அதே மாதிரி. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டின் இயக்குநராக இருந்த எச்.இ. ஷார்ட்டும் அவருடைய குழுவினரும் அங்கே போய்ப் பார்த்து, 1937இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் ‘சென்னை மாகாணத்தில் புளோரோசிஸ்’ பற்றி எழுதினார்கள். பல்லோடு நிற்கும் விஷயமல்ல இது, முதுகெலும்பையே முடக்கிப்போடும் என்று எக்ஸ்ரே படங்களோடு காட்டிய உலகின் ஆரம்பகால அறிக்கைகளில் அது ஒன்று. இதே ஷார்ட்தான் பத்து வருஷம் கழித்து லண்டனில் கார்ன்ஹாமோடு சேர்ந்து, மலேரியாக் கிருமி மனித ஈரலில் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்தவர். மலேரியா அவருக்குப் புகழைக் கொடுத்தது. நெல்லூர்க்காரர்களின் முதுகெலும்பு நூலகத்துக்குப் போனது.

அப்போது கம்பைநல்லூர் சேலம் ஜில்லாவில், அதே மாகாணத்தில், அதே மாதிரிக் கடினப் பாறையின் மேல்தான் இருந்தது. (தர்மபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2இல்தான்.) மாகாணத்தின் தலைநகரில் அச்சான அறிக்கைக்கும் இந்தக் கிணறுகளுக்கும் நடுவே முக்கால் நூற்றாண்டு ஓடிப்போனது. வெள்ளைக்காரன் போனான், அடுத்தவர்கள் வந்தார்கள், யாரும் தனியாகக் கெட்டவர்கள் இல்லை. அந்தக் கணக்கு அவ்வளவு சுலபமில்லை. ஏனென்றால் நடுவில் ஒரு நல்ல காரியம் நடந்தது.

நம் தாத்தா பாட்டிகள் குடித்தது திறந்த கிணறு, குளம், படிக்கட்டுக் கிணறு. அதில் காலரா, சீதபேதி, டைஃபாய்டு எல்லாம் வரும். நரம்புச் சிலந்தி என்று ஒரு புழு, படிக்கட்டுக் கிணற்றுத் தண்ணீர் வழியே உள்ளே போய், ஒரு வருஷம் கழித்துக் காலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். இந்தியாவில் அதன் கடைசி நோயாளி பதிவானது 1996இல். 2000இல் நாடே விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. இதெல்லாம் சும்மா நடக்கவில்லை. கடினப் பாறையைத் துளைக்கும் ரிக்குகள் வந்தன. 1970களில் கோயம்புத்தூர் வட்டாரத்தில் சோதித்துப் பார்த்து, சென்னையில் தயாரான ‘இந்தியா மார்க் 2’ அடிபம்பு உலகம் முழுக்கப் போனது. 1971இல் உருவான தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் ஊர் ஊராகத் தண்ணீர் கொண்டுபோனது. எத்தனை குழந்தைகள் பேதியில் சாகாமல் தப்பித்தன என்று யோசித்தால் அந்த அடிபம்புக்குக் கோயிலே கட்டலாம்.

ஆனால் ஆழத்துக்குப் போகப் போகத் தண்ணீர் பாறையோடு அதிக காலம் ஊறியிருந்தது. மேல் கிணற்றிலும் புளோரைடு இருந்த ஊர்கள் உண்டு. ஆனாலும் மழைத் தண்ணீர் வருஷா வருஷம் வந்து கலக்கிற கிணறு வேறு, நூற்றுக்கணக்கான அடி கீழே நிற்கிற தண்ணீர் வேறு. கிருமி இல்லாத தண்ணீர் என்றால் சுத்தமான தண்ணீர் என்றுதான் அன்றைக்கு உலகமே நினைத்தது. வங்கதேசத்தில் இதே நம்பிக்கையோடு போட்ட குழாய்க் கிணறுகளில் பிறகு ஆர்செனிக் வந்து நின்றது.

பல் ஒரு எச்சரிக்கை மட்டும்தான். எலும்பில் நடப்பதுதான் பெரிய சேதம், அதைத்தான் கடைசிவரை சரியாகக் கணக்கெடுக்காமல் விட்டோம் என்பது என் எண்ணம். உள்ளே போகும் புளோரைடில் ஒரு பகுதி சிறுநீரில் போய்விடும். மிச்சம் எலும்பில் சேரும். வருஷங்கள் போகப் போக எலும்பு தடிக்கும், எலும்போடு சேரும் தசைநார்களில் கால்சியம் படியும், முதுகெலும்பு வளையாமல் கம்பு மாதிரி நிற்கும். முற்றினால் நரம்பை அழுத்திக் கை கால்களே ஓயும். டாக்டர் ஏ.கே. சுசீலா போன்றவர்கள் கிராமங்களில் பயன்படுத்திய மூன்று சோதனைகள் உண்டு. முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொடு. முகவாயை நெஞ்சில் படவை. இரண்டு கையையும் தூக்கிப் பின்னந்தலையில் கோத்துக்கொள். இவை முடியாவிட்டால் சந்தேகப்படலாம் என்பார்கள், உறுதிசெய்ய எக்ஸ்ரேயும் சிறுநீர்ப் பரிசோதனையும் வேண்டும்.

இப்போது இந்த அடையாளங்களோடு 50 வயதான, நாற்று நட்டு, களையெடுத்து, விறகு சுமந்த ஒரு பெண்மணி ஆஸ்பத்திரிக்குப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பு வலி, முட்டி வலி, குனிய முடியல. ‘வயசாச்சும்மா, அப்படித்தான் இருக்கும்.’ அல்லது வாதம். அல்லது காடு கழனியில் செய்த வேலை. ஒரு ஊசி, பத்து மாத்திரை. வலி குறைந்ததும் வீட்டுக்கு வந்து அதே தண்ணீரைக் குடிக்கிறார். ஏழைகளின் உடம்பு வலிக்கத்தானே செய்யும் என்று ஏழைகளே நம்பும் நாட்டில் இந்த நோய் ஒளிந்துகொள்ள வேறு இடம் தேட வேண்டியதில்லை.

தெலங்கானாவின் நல்கொண்டா இந்த விஷயத்தில் நம்மைவிட முந்திக்கொண்டது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 1973இலேயே அந்தப் பகுதி இளைஞர்களின் முட்டி தட்டும் கால்களைப் பற்றி ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுப் புளோரைடைப் பிரிக்கும் முறைக்கு அந்த ஊர்ப் பெயரே வந்தது. சொல்வதற்குச் சுலபம், தினமும் அளந்து, கலக்கி, தெளியவைத்து, அடியில் தங்கிய வண்டலை எங்கே கொட்டுவது என்று யோசித்துச் செய்கிற வீடுகள் குறைவு.

கடைசியில் தர்மபுரிக்கு வந்தது ஓக்லிக்காரர்கள் செய்த வைத்தியமேதான்: தண்ணீரை மாற்று. ஒகேனக்கல்லில் காவிரியை எடுத்து இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் கொண்டுபோகும் திட்டம். ஆற்று நீரில் இந்தப் பிரச்சினை இல்லை. 1.4 டிஎம்சி தண்ணீர், ஜப்பான் கடன், மூன்று நகராட்சிகள், கம்பைநல்லூர் உட்பட 17 பேரூராட்சிகள், ஆயிரக்கணக்கான குக்கிராமங்கள். 2008 பிப்ரவரி 26இல் முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். ஆங்கிலத்தில் இதன் முழுப் பெயரிலேயே ‘புளோரோசிஸ் குறைப்பு’ என்ற சொல் இருக்கிறது. ஒரு நோயின் பெயரைத் தாங்கிய இவ்வளவு பெரிய குடிநீர்த் திட்டங்கள் நாட்டில் அதிகம் இருக்காது. தமிழில் பேசும்போது அந்தப் பாதி உதிர்ந்து ‘ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம்’ மட்டும் மிஞ்சியது.

உதிர்ந்ததற்குக் காரணம் சோம்பல் மட்டும் இல்லை. அடிக்கல் நாட்டிய சில வாரத்தில் கர்நாடகத் தேர்தல் நெருங்கியது. எடியூரப்பா மார்ச்சில் ஒகேனக்கல்லுக்கே வந்தார். பஸ்கள் நின்றன, பெங்களூரில் தமிழ்ப் படங்கள் நின்றன. ஏப்ரல் 4இல் சேப்பாக்கத்தில் தமிழ்த் திரையுலகம் உண்ணாவிரதம் இருந்தது. அன்று ரஜினி என்ன பேசினார் என்பது இன்னும் பலருக்கு மனப்பாடம். மறுநாளே, கர்நாடகத்தில் புது ஆட்சி வரும்வரை திட்டத்தைத் தள்ளிவைப்பதாகக் கருணாநிதி அறிவித்தார். அந்த இரண்டு மாதத்தில் தமிழ்நாடே ஒகேனக்கல் என்று பேசியது. எல்லை, உரிமை, இனம், துரோகம் எல்லாம் பேச்சில் வந்தன. இந்தத் தண்ணீர் யாருடைய பல்லுக்காக, யாருடைய இடுப்புக்காகக் கேட்கப்படுகிறது என்பது கீழே எங்கேயோ பெட்டிச் செய்தியில் கிடந்தது. புளோரோசிஸ் தமிழ்நாட்டுக்கு அறிமுகமாகியிருக்க வேண்டிய தருணம் அது. ஒரு நடிகரின் பேச்சு அறிமுகமானதோடு நின்றுவிட்டது.

திட்டம் நிற்கவில்லை. 2013 மே மாதம் ஜெயலலிதா திறந்துவைத்தார். சுமார் 1,928 கோடி ரூபாய் செலவு. காவிரி யானைப்பள்ளம் சுத்திகரிப்பு நிலையம் ஏறி, மலை இறங்கி, தென்பெண்ணைப் பக்கத்து ஊர்களுக்கு வந்தது. இரண்டு கட்சிகளும் எங்கள் திட்டம் என்று இன்றைக்கும் சண்டை போடுகின்றன. போடட்டும். இந்தத் தலைமுறையில் இந்த மாவட்டத்துக்குக் கிடைத்த பெரிய மருந்து அதுதான்.

இதைப் படிக்கும் சிலருக்கு இன்னொரு கேள்வி வந்திருக்கும்: அப்போ பேஸ்டில் இருக்கும் புளோரைடு? வாட்ஸ்அப்பில் வரும் வீடியோக்களில் அதை விஷம் என்கிறார்களே? மெக்கே கவனித்த இன்னொரு விஷயத்தில்தான் இதன் வேர் இருக்கிறது. கறை படிந்த பற்களில் சொத்தை குறைவாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, 1945 ஜனவரியில் மிச்சிகனின் கிராண்ட் ராபிட்ஸ் நகரம் குடிநீரில் கொஞ்சம் புளோரைடைத் தானே சேர்க்க ஆரம்பித்தது. அன்றிலிருந்து அமெரிக்காவில் சண்டை. கம்யூனிஸ்ட் சதி என்றார்கள். குப்ரிக் 1964இல் எடுத்த ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்’ படத்தில் அதைக் கிண்டலடித்தார். 2025இல் யூட்டா மாநிலம் தண்ணீரில் புளோரைடு சேர்ப்பதையே தடைசெய்தது. அங்கே சேர்க்கச் சொல்லும் அளவு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். நம் மாவட்டத்தில் சண்டையே 1.5ஐத் தாண்டும் தண்ணீரோடு. பேஸ்ட் என்பது துப்புகிற பொருள். பெரியவர்கள் பயப்பட ஒன்றுமில்லை, சின்னப் பிள்ளைகள் விழுங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

2024இல் அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம் ஓர் அறிக்கை விட்டது. 1.5க்கு மேல் புளோரைடு உள்ள தண்ணீர், பிள்ளைகளின் குறைந்த ஐக்யூவோடு தொடர்புடையது என்று ஓரளவு நம்பிக்கையோடு சொன்னது. அமெரிக்க அளவான 0.7 பற்றி முடிவு சொல்லத் தரவு போதாது என்றும் சொன்னது. முதல் பாதியை ஒரு கட்சியும் இரண்டாம் பாதியை இன்னொரு கட்சியும் தூக்கிக்கொண்டு ஓடின. அதில் எடுத்துக்கொண்ட ஆய்வுகள் சீனா, இந்தியா, ஈரான், பாகிஸ்தான், மெக்சிகோ, கனடா நாட்டுப் பிள்ளைகளைப் பற்றியவை. அதாவது அமெரிக்கக் குழாயில் 0.7 இருக்கலாமா என்று வாதாட நம் மாதிரி ஊர்ப் பிள்ளைகளின் தரவு பயன்படுகிறது. அந்தப் பிள்ளைகள் ஊரில் எந்த போர் தண்ணீர் ஆகாது என்ற விவாதம்தான் டிவியில் ஒருநாளும் நடப்பதில்லை.

சமையலறையிலிருந்து ஒரு சின்ன விஷயம். தர்மபுரி புளிக்கும் கேழ்வரகுக்கும் பேர் போன மண். அதே ஹைதராபாத் நிறுவனம் பள்ளிச் சிறுவர்களுக்குத் தினம் 10 கிராம் புளி கொடுத்துப் பார்த்தபோது, சிறுநீரில் வெளியேறும் புளோரைடு கூடியது. கால்சியம் நன்றாகக் கிடைக்கும் உடம்பில் சேதம் குறைவு. கேழ்வரகில் கால்சியம் நிறைய. களியும் புளிக்குழம்பும் நோயைத் தீர்க்கும் என்று இதை ஃபார்வர்டு பண்ணிவிடாதீர்கள். படிந்துபோன எலும்பை எதுவும் திருப்பித் தராது. ஆனால் ரேஷன் அரிசி களியின் இடத்தைப் பிடித்த காலமும், போர் கிணற்றின் இடத்தைப் பிடித்த காலமும் ஏறக்குறைய ஒன்று என்பது என் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

2013இல் பிறந்த குழந்தைகளுக்கு நிரந்தர முன்பற்கள் முளைத்தது 2020 வாக்கில், எல்லாரும் மாஸ்க் போட்டுக்கொண்டிருந்த நேரம். பள்ளிக்கூடம் திறந்து முகம் தெரிந்தபோது அந்த வகுப்பின் பற்களை அண்ணன் அக்காக்களின் பற்களோடு ஒப்பிட்டு யாராவது வரிசையாகக் குறித்து வைத்திருந்தால், இத்தனை கோடி ரூபாய் என்ன செய்தது என்பதற்கு அதைவிட நல்ல பதில் இருக்க முடியாது. செலவில்லாத வேலை. ஒரு டார்ச், ஒரு நோட்டு, ஒரு டீச்சர்.

அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது, தெருக்கோடித் தொட்டியில் இன்றைக்கு ஏறியிருப்பது எந்தத் தண்ணீர் என்பது. பல ஊர்களில் காவிரித் தண்ணீர் வராத நாளில் அதே மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரை ஏற்றிவிடுகிறார்கள், இரண்டையும் கலந்து விடுகிறார்கள் என்று புகார் இருக்கிறது. குழாய் ஒன்றுதான், குடம் ஒன்றுதான். பிடிக்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு டம்ளரில் ஊற்றிக் கொடுக்கிற அம்மாவுக்கும் தெரியாது.